சரக்கு வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும் உள்ள அங்கத்தினர்கள் பலர், சிறிய டீசல் சரக்கு வண்டி ஒன்றை வாங்கிப் பல்லாண்டுக் காலம் வைத்திருக்க எண்ணுகின்றனர். எந்த வண்டியை வாங்கலாம் என்று நம்மை வினவுகின்றனர். ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் வினவுகிறவர் வீட்டுப் பத்திரத்தையோ இல்லாளின் நகையையோ ஈடாக வைத்து, ஐந்தாண்டுத் தவணைக்குக் கையெழுத்திடப் போகிறவர். அவருக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது முறையன்று. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதற்கண், நம்பகமான வண்டி என்பதன் பொருள் யாது? மதுரை மல்லிகைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்துவிட்டது என்பதற்காக மலர் வாடாமல் காத்திருப்பதில்லை. பொழுது புலருமுன் பறித்த மொட்டு, காலையிலேயே மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையை அடைந்தாக வேண்டும். உசிலம்பட்டிச் சாலையில் வண்டி மூன்று மணி நேரம் நின்றுபோனால், அன்றைய மலரின் விலை போயிற்று. பறித்தவர்களுக்குரிய கூலியோ நிற்பதில்லை. நெசவாளர் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. சுங்குடிச் சேலைக் கட்டுகளை ஏற்றிய வண்டி ஐப்பசி மழையில் நடுவழியில் நின்று, தார்ப்பாயும் ஒழுகினால், பல நாள் உழைப்பு ஓர் இரவில் பாழாகும். எனவே விடியற்காலை மூன்று மணிக்குத் தயங்காமல் கிளம்புவதும், என்றேனும் பழுதுற்றால் அன்று மாலைக்குள் மீண்டும் சாலைக்கு வருவதுமே நம்பகம் என நாம் கொள்வோம். விளம்பரங்களில் கூறப்படும் குதிரைத்திறனும் பளபளப்பும் இவ்விரண்டுக்கும் பின்னரே வருவன.

இரண்டாவதாகச் சொன்ன தன்மை வண்டியில் மட்டும் அடங்கியதன்று. வண்டியைச் சூழ்ந்த பட்டறைகளிலும் சாமான் கடைகளிலும் அடங்கியது. இதனை மதுரை நன்கறியும். டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ஆம் ஆண்டில் தொடங்கிய தொழில், பஸ் போக்குவரத்தில் வேரூன்றி, உதிரிப் பாக வியாபாரம், பட்டறை, ரப்பர் எனக் கிளைத்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைப்பது அரிதானபோது, கரியை எரித்துப் பெறும் வாயுவைக் கொண்டு வண்டிகளை ஓட்டும் சாதனத்தை அவர்கள் தாமே தயாரித்தனர். 1972-இல் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றிய பின்னரும், இவ்வூரில் மோட்டார்த் தொழில் கற்ற கைகள் மறைந்துவிடவில்லை. மதுரையில் வண்டி வைத்திருப்பவருக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் அக்கைகள் எந்த வண்டியில் பழகியிருக்கின்றன என்பதை வாங்குமுன் அறிய வேண்டும்.

பழகாத வண்டியை வாங்கினோர் பட்ட பாட்டிற்குச் சான்று பழைய சரித்திரத்திலேயே உண்டு. 1980-களின் நடுப்பகுதியில் ஜப்பானியக் கூட்டுறவுடன் நான்கு இலகு ரக லாரிகள் நம் நாட்டில் வெளிவந்தன: டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. அந்நாளைய வண்டிகளுடன் ஒப்பிட, நான்கும் விரைவாக ஓடக்கூடியவை. எரிபொருளைச் சிக்கனமாக உண்பவை. எனினும் ஆல்வின் நிசான் சில ஆண்டுகளிலேயே மகீந்திராவின் கைக்கு மாறியது. டி.சி.எம். டொயோட்டா 1990-களில் டேவூவின் வசமாயிற்று. பின்னர் அதுவும் மறைந்தது. ஐஷரும் ஸ்வராஜும் நிலைத்தன. நான்கு வண்டிகளையும் ஷோரூமில் வரிசையாக நிறுத்திப் பார்த்திருந்தால் எது நிலைக்கும், எது மறையும் என்று யாரால் சொல்லியிருக்க முடியும்? வண்டி நல்லதாயிருந்தும் அதற்குரிய பிஸ்டன் ரிங்குக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் ஊர் ஊராய் அலையும் நிலை வருமாயின், உடையவருக்கு அது நல்ல வண்டியன்று. பத்தாண்டுக்கு வாங்குகிறவர் வண்டியை மட்டும் வாங்கவில்லை. பத்தாண்டுக்குச் சாமான் கிடைக்கும் என்னும் நம்பிக்கையையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஆகவே நாம் கூறும் முதல் சோதனை ஷோரூமில் நிகழ்வதன்று. திருமங்கலத்திலோ மேலூரிலோ சோழவந்தானிலோ, தம் ஊருக்கு அருகிலுள்ள மூன்று தனியார் பட்டறைகளுக்குச் சென்று, எந்த வண்டி அதிகம் வருகிறது, எதற்காக வருகிறது, எந்தச் சாமான் உள்ளூரிலேயே கிடைக்கிறது, எதற்கு நாட்கணக்கில் காத்திருக்க நேர்கிறது என்று கேட்டறிக. ஒரு வண்டி பட்டறைக்கு அதிகம் வருகிறதென்றால் அது கெட்ட வண்டி என்று கொள்ளலாகாது. ஊரில் அதிகம் ஓடும் வண்டியே அதிகம் வரும். வருவது கிளட்சுக்கும் பிரேக்குக்குமா, அல்லது இன்ஜெக்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்குமா என்பதே கவனிக்க வேண்டியது. முன்னவை தேய்வதற்கென்றே உள்ளவை. பின்னவை இளம் வயதிலேயே கெடுமாயின் அந்த மாதிரியை விலக்குதல் நலம்.

இனிச் சுமை. விற்பனையாளர் எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே இரண்டு மடங்கு கூறுவதுண்டு. அச்சிரிப்பை நம்பலாகாது. 75 கிலோ நெல் மூட்டை இருபது ஏற்றினால் 1,500 கிலோ. ஓட்டுநரும் இரண்டு சுமைக்கூலியாட்களும் ஏறினால் மேலும் ஏறத்தாழ 200 கிலோ. 1,250 கிலோவுக்கென அமைந்த வண்டியில் இதனை நாள்தோறும் ஏற்றினால் வில் பட்டைகள் தளரும். பின் அச்சும் வீல் பேரிங்கும் தேயும். பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அதிகச் சுமைக்குரிய அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு மாதத்து இலாபம் ஒரு சோதனைச் சாவடியில் போய்விடும். நெசவாளர் கணக்கோ வேறு. சேலைக் கட்டும் நூல் சிட்டமும் இடத்தை அடைக்கும்; எடை அவ்வளவில்லை. அவருக்கு வேண்டுவது நீண்ட தளமும், மழை புகாத கூண்டும். காய்கறிக்காரருக்கு வேண்டுவது உறுதியான பட்டையும் காற்றோட்டமும். இருவரும் ஒரே வண்டியை வாங்கினால், ஒருவர் உபயோகமற்ற வலிமைக்கு விலை கொடுத்தவராவார்.

சந்தையிலுள்ள வண்டிகளைப் பற்றிச் சில சொற்கள். 2005-இல் டாட்டா ஏஸ் வெளிவந்தபோது அதன் எஞ்சின் இரண்டு சிலிண்டர், 702 கன சென்டிமீட்டர், 16 குதிரைத்திறன். நம் மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டனர். மூன்று சக்கர வண்டிக்கும் லாரிக்கும் இடையே இருந்த வெற்றிடத்தை அது நிரப்பிற்று. சந்துகளில் நுழையவும், முக்கால் டன் அளவில் ஏற்றவும் ஏற்றது. அதனிடம் யானைச் சுமையைக் கேட்பது உடையவர் குற்றம். அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-இல் நிசான் கூட்டுறவுடன் வந்தது, ஓசூரில் தயாராவது, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் எஞ்சின். பின்னர் நிசான் விலகிக்கொண்ட போதிலும் வண்டியின் உற்பத்தி தொடர்ந்தது. முன்பு கூறிய ஆல்வின் கதை இங்கே நிகழவில்லை. மகீந்திரா பொலிரோ பிக்கப் நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர். ஜீப் வழி வந்த முரட்டுச் சட்டம். டாட்டா 207 வண்டிகள் கிராமங்களில் இன்னமும் ஓடக் காண்கிறோம். அதன் வழியில் யோதா 2017-இல் வந்தது. ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் நெடுஞ்சாலையில் இனிதாக ஓடுவது. அதனை எண்ணுவோர், தம் ஊரிலிருந்து அதன் பட்டறை எத்தனை மைல் என்பதை முதலில் அளந்துகொள்ள வேண்டும்.

இவற்றுள் எமது சாய்வு எப்பக்கம் என்று கேட்பீராயின் மறைக்காமல் கூறுவோம். ஒரு டன்னுக்கு மேல் நாள்தோறும் ஏற்றி, உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வழியே தேனி வரை செல்கிறவர், நான்கு சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சினையே நாடுதல் நலம். சிறிய எஞ்சின் நாள் முழுதும் தன் முழு வலிமையையும் செலுத்தியே ஓட வேண்டும். பெரியதோ பாதி வலிமையில் ஓடும். தேய்மானமும் அதற்கேற்பக் குறையும். மதுரைச் சமவெளிக்குள்ளேயே வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறவருக்கு மூன்று சிலிண்டர் வண்டி போதும். மைலேஜ் ஒன்றையே பார்த்து முடிவு செய்கிறவர்களுக்காக ஒரு கணக்கு: மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 1,500 லிட்டர் வேண்டும். 14 தரும் வண்டிக்கு ஏறத்தாழ 1,286 லிட்டர். வேறுபாடு 214 லிட்டர். அற்பத் தொகையன்று, ஆயினும் மல்லிகைப் பருவத்தில் வண்டி ஒரு வாரம் சாமானுக்காகப் பட்டறையில் நின்றால், அச்சேமிப்பு முழுவதும் அவ்வொரு வாரத்திலேயே கரைந்துவிடும்.

இப்பொழுது புதிதாக வந்துள்ள சிக்கலுக்கு வருவோம். இதனை அறியாமல் வாங்கி அல்லற்படுவோர் மிகுதி. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ். 6 வண்டிகளே புதிதாக விற்கப்படுகின்றன. டீசலில் உள்ள கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி முதலிய சாதனங்கள் வந்தன. காற்றுக்கு இது நன்மையே; அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வடிகட்டிக்கென்று ஒரு குணம் உண்டு. சேர்ந்த கரியை அது தானே எரித்துத் தூய்மையாக்கிக் கொள்ளும். அதற்கு அறுநூறு டிகிரி அளவு வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் தொடர்ந்து ஓடினால் எளிதில் கிட்டும். செல்லூரிலிருந்து கீழவாசல் வரை சென்று, அணைத்து, மீண்டும் இரண்டு மைல் ஓட்டி, மறுபடி அணைக்கும் வண்டியில் எரிப்பு தொடங்குமுன்னரே எஞ்சின் நின்றுவிடுகிறது. கரி மேலும் மேலும் சேர்ந்து வடிகட்டி அடைபடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியும்போது அதனைத் துணியால் மூடிவிட்டு ஓட்டுகிறவர்களும் உளர்! விளக்கு எரிந்ததும் வண்டியின் கைப்புத்தகத்தில் கூறியபடி, சுற்றுச்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டி வருவதே மலிவான வைத்தியம். எஞ்சின் ஆயிலும் இவ்வடிகட்டிக்கு ஏற்ற, சாம்பல் குறைந்த வகையாக இருத்தல் வேண்டும். டிரம்மிலிருந்து அளந்து தரும் ஏதோவோர் ஆயில் இதற்கு ஆகாது.

நகருக்குள்ளேயே குறுந்தொலைவு ஓடுகிறவர் டீசலை விட்டு வேறு எரிபொருளை எண்ணிப் பார்ப்பது தவறன்று. இயற்கை வாயு வண்டிகள் உள்ளன. ஏஸ் வண்டியே 2022-இல் மின்சார வடிவில் வெளிவந்தது. டீசல் நெடுந்தொலைவுக்கும் கனமான சுமைக்கும் உரியது.

சில மாதிரிகளுக்கு டீசலுடன் யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். இங்கே விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு சிறப்பான எச்சரிக்கை. வீட்டில் யூரியா மூட்டை இருக்கிறதே, தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறு ஒருபோதும் செய்யற்க. வண்டிக்குரிய கரைசல், மிகத் தூய யூரியா 32.5 சதவீதமும் எஞ்சியது உப்பகற்றிய நீருமாகச் சேர்ந்தது. வயலுக்குரிய யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசப்பட்டு வருவது. அதில் உள்ள பிற பொருள்களும், கிணற்று நீரின் உப்பும் சேர்ந்து தெளிப்பானை அடைத்து, விலையுயர்ந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும். மானிய உரத்தை வேறு காரியத்திற்குச் செலவிடுவது சட்டப்படியும் குற்றம். கரைசல் முற்றும் தீர்ந்தால் வண்டி வலிமை குன்றும், அல்லது மறுமுறை கிளம்ப மறுக்கும். ஆதலின் வாங்கும் மாதிரிக்குக் கரைசல் வேண்டுமா, வேண்டாவா என்பதை எழுத்து மூலமே கேட்டுப் பெறுக.

இத்தொல்லைகளை அஞ்சிப் பழைய பி.எஸ். 4 வண்டியைத் தேடுவோர் பலர். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிக்குத் தடை என்று கேள்வியுற்றுச் சிலர் தயங்குகின்றனர், அத்தடை டில்லியையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றி எழுந்தது, தமிழ்நாட்டுக்கு உரியதன்று. ஆனால் 2020-க்கு முன் பதிவான வண்டியின் வயதை எண்ணிப் பார்க்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்குரிய கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பெரிதும் உயர்த்தப்பட்டது. பத்து வயது வண்டியை வாங்குகிறவருக்கு ஐந்தாண்டே உண்மையான ஆயுள் என்று கணக்கிடுவது விவேகம்.

பழைய வண்டியைப் பார்க்கச் செல்வோர், எஞ்சின் முற்றும் ஆறியிருக்கும் விடியற்காலையிலேயே செல்க. நாம் வருமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருகிறோம் என்று திரும்பிவிடுக. கிளம்புகையில் சிறிது புகை வருவது இயல்பு. நில்லாமல் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பின்னும் வெண்புகை ஓயாவிடில் ரேடியேட்டர் நீர் உள்ளே புகுவதாக ஐயுறலாம். ஏற்றத்தில் கரும்புகை மிகுந்தால் இன்ஜெக்டரோ டர்போவோ கவனிப்பை வேண்டுகிறது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, ஆவி குபுகுபுவென்று எழுகிறதா என்று பார்க்க. பட்டைகள் சட்டத்தோடு சேரும் இடங்களில் வெடிப்போ வெல்டிங் தழும்போ இருந்தால் அது அதிகச் சுமை சுமந்த வண்டி; விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டா. மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டி, கிளட்ச் பெடலின் ரப்பர் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் எதனை நம்புவது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா, அபராத நிலுவை உண்டா என்பவற்றை முன்பணம் கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும்.

சட்டம் பற்றி இரண்டு செய்திகள் அங்கத்தினருக்கு நன்மையானவை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. இதனைக் கருதியே சில மாதிரிகள் அவ்வெல்லைக்குள் அடங்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. மற்றொன்று: 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகு ரக லைசென்சு வைத்திருப்பவரே ஓட்டலாம், தனி மேற்குறிப்பு வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. மகன் ஓட்டினான், விபத்து நேர்ந்தது, இன்ஷியூரன்சு கிடைக்கவில்லை என்று கலங்கிய குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். விலை விஷயத்தில், 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்திய விலைப்பட்டியலை ஆதாரமாகக் கொண்டு பேரம் பேசலாகாது.

தவணைக் கடன் ஐந்தாண்டில் தீருமாயின், அவ்வைந்தாண்டும் வண்டி பெரும்பாலும் கடன்காரனுக்கே உழைக்கிறது. ஆறாம் ஆண்டிலிருந்துதான் உடையவருக்கு உழைக்கத் தொடங்குகிறது. ஆறாம் ஆண்டில் அது எந்த நிலையில் இருக்கும் என்பது முதல் ஆண்டுப் பராமரிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. இக்கால எஞ்சினில் டீசல் ஆயிரம் மடங்குக்கும் மேலான காற்றழுத்த அளவில் பீச்சப்படுகிறது. அதில் ஒரு துளி நீரோ தூசியோ சேர்ந்தால் இன்ஜெக்டரின் நுண்துளை கெடும். ஆகையால் விற்பனை மிகுந்த பங்கு ஒன்றிலேயே வாடிக்கையாக டீசல் போடுக. மழைக்காலத்தில் வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரைத் திறந்துவிடுக. திருமங்கலத்துக் கரிசல் மண் தோய்ந்த பட்டைகளைக் கழுவி, கிரீஸ் இடுக. சித்திரை வெயிலில் சுமையோடு ஓடுகிற வண்டிக்கு ரேடியேட்டரில் வெறும் கிணற்று நீரை ஊற்றாமல், உரிய கூலண்ட் கலந்தே ஊற்றுக. நெடுந்தொலைவு ஓடி நிறுத்தியதும் டர்போ ஆறும்படி ஒரு நிமிஷம் எஞ்சினை வீணே ஓடவிட்டு அணைக்கவும்.

கூட்டாக வண்டி வாங்க எண்ணும் அங்கத்தினர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டுநர் ஒருவரே இருக்கட்டும்; நாளொரு கையில் ஓடும் வண்டியின் கிளட்சு விரைவில் தேயும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசல், ஏற்றிய எடை, மாற்றிய சாமான் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதி வருக. வண்டியை விற்கும் நாளில் அப்புத்தகம் இருந்தால் வாங்குகிறவர் மேலும் சில ஆயிரம் ரூபாய் தரத் தயங்கமாட்டார்.